நிற்காத வண்டியின் பின்சீட்டு

எங்கள் மலையில் பழைய வண்டி வாங்குகிறவர்கள், அது இதுவரை எந்தெந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள், ஏனென்றால் அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஏறும் பாதை வளைவுக்கு மேல் வளைவாக, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் காற்றுமாகப் போகிறது, அந்தப் பாதையில் வண்டி நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மேலே போகவும் வழியில்லை, கீழே வரவும் வழியில்லை. அதனால் விற்பவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. வாங்குகிறவன் தன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் வண்டிக்குள் ஏற்றி, பலாமரத்து வளைவில் செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, இறங்கி நின்று புகையைப் பார்த்து, மறுபடி ஏறி, அங்கிருந்து வண்டி பின்வாங்காமல் கிளம்பினால்தான் அது குடும்பத்துக்கு ஆகும் வண்டி என்று ஒத்துக்கொள்வான்.

என் பேத்தி வினோதினிக்கு உடம்பில் ரத்தம் ஊறாத நோய் இருந்தது. மாதம் தவறாமல் சேலத்துக்குக் கொண்டுபோய் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும், ஏற்றிய கொஞ்ச நாள் கன்னம் சிவந்து ஆடிக்கொண்டிருப்பாள், பிறகு மெல்ல மெல்லச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடுவாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு மழைப் பகலில் எங்கள் பழைய ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டது. என் மகன் தனபால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்தான், மருமகள் பூங்கொடி குழந்தையின் உதட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், உதடு சாம்பல் நிறமாகிவிட்டது, கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர் கேன்களை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். குழந்தை பிழைத்தது. திரும்பி வரும்போது தனபால், இனி நிற்காத வண்டி ஒன்றை வாங்காமல் மலையில் குடியிருக்க மாட்டேன் என்று சொன்னான்.

ஓமலூர் ரோட்டில் பழைய வண்டிகள் விற்கும் ஷெட்டுக்கு ஒரு காலையில் எல்லோரும் போனோம், மெக்கானிக் குமரேசனும் கூட வந்தார். புரோக்கர் ஷாஜகான் பாய் மூன்று வண்டிகளைக் காட்டினார், மூன்றும் ஒரு குடும்பம் முழுக்க உட்காரக்கூடிய பெரிய வண்டிகள். முதல் வண்டி வெள்ளையாக, டாக்டர் வீட்டு வண்டி என்று பெயர் வாங்கியதாக இருந்தது, ஆனால் கதவு ரப்பரை இழுத்துப் பார்த்த குமரேசன் உள்ளே வேறு நிறம் இருப்பதைக் காட்டினார், எங்கேயோ நன்றாக உருண்டு எழுந்த வண்டி. இரண்டாவது டிராவல்ஸில் ஓடியது, ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்ததும் புகை மூச்சு விட்டது, குமரேசன் மூடியைத் திருப்பி வைத்தார். மூன்றாவது மண் நிறத்தில், முகம் நசுங்கி, பார்க்க ஒன்றுமில்லாமல் நின்றது. அதன் கடைசி வரிசையில் ஐம்பது வயதிருக்கும் மெலிந்த ஆள் ஒருவர் ஜன்னல் கம்பியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாய் அந்த வண்டியின் குணங்களைச் சொன்னார். டயர் பாதி இருக்கிறது, ஏசி வேலை செய்யும், இடது கண்ணாடி கொஞ்சம் பிடிக்கும்.

"மத்தபடி வண்டி நிக்காதுங்க. மழையில நிக்காது, மேட்டுல நிக்காது, டீசல் காட்டுற முள்ளு கீழ விழுந்தாலும் நிக்காது. ஒண்ணே ஒண்ணு, பின்சீட்டுல வீட்டாள் ஒருத்தர் இறங்காம இருக்கோணும்."

எவ்வளவு நேரம் என்று தனபால் கேட்டான். எப்பவும் என்றார் பாய், வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும், வீட்டு வாசலில் இருக்கும்போதும், ஒருவர் இறங்குவதற்கு முன்னால் இன்னொருவர் உட்கார்ந்துவிட வேண்டும், சீட்டு ஒரு மூச்சு நேரம் காலியானாலும் வண்டி அத்தோடு முடிந்தது, பிறகு யார் உட்கார்ந்தாலும் எழாது. குமரேசன் மைலேஜ் எவ்வளவு தரும் என்று கேட்டார். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, என் தொழிலில் இந்த எஞ்சின் ஓடக்கூடாது, ஆனால் ஓடுகிறது, ஓடுகிறதை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது என்றார். பின்சீட்டில் இருந்தவர் பெயர் குப்புராஜ், விற்கிற வீட்டுக்காரரின் கல்யாணமாகாத தம்பி. வண்டி எப்போதாவது நின்றிருக்கிறதா என்று அவரிடம் கேட்டோம். இதுவரைக்கும் நிக்கலைங்க என்றார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, மற்ற வீடுகளில் மைலேஜையும் டயரையும் எடைபோடுவது போல, நாங்கள் யார் உட்காருவது என்பதை எடைபோட்டோம். தனபால்தான் ஓட்ட வேண்டும். பூங்கொடி நான் உட்கார்ந்துக்கறேன் என்று சொன்னாள், சொல்லும்போதே அடுப்பில் பால் பொங்கியது, அவள் எழுந்து ஓடினாள், அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை நடக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. என் மனைவி செங்கமலம் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. காப்பித் தோட்டத்து வேலையையும் நான் விட்டிருந்தேன், நான் எழுந்து போனால் வீட்டில் காலியாகிற இடம் வாசல் பக்கத்துக் கட்டில் ஒன்றுதான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் அவ்வளவு கவனமாக என்னைப் பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

"எனக்கு என்ன வேலை இருக்குது," என்றேன். பூங்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்கு ஒரு நல்ல தலையணை தைக்க வேண்டும் என்றாள்.

மறுபடி ஷெட்டுக்குப் போய் நான் ஏறி உட்கார்ந்ததும் குப்புராஜ் இறங்கினார். செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டைக் கடந்து வெயிலில் போய் நின்று, வருகிற போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவற்றில் ஒன்றிலும் ஏறாமல் நடந்து போய்விட்டார்.

அந்தச் சீட்டு முன்பக்கம் பார்த்துப் போட்டது அல்ல. பக்கவாட்டில் போட்டது, முழங்கால் எதிர்ச் சீட்டில் இடிக்கும், பின்கண்ணாடி வழியாக வண்டி கடந்துபோன பாதைதான் தெரியும். ஒரு வளைவு வருவது எனக்குத் தெரியாது, அது முடிந்து பின்னால் சுருண்டு கிடப்பதைத்தான் பார்ப்பேன். பசித்தது, தூக்கம் வந்தது, ஆனால் எழுந்து ஒதுக்குப்புறம் போக வேண்டிய தேவைகளை உடம்பு முதல் நாளே நிறுத்திக்கொண்டது, ஊரில் சிலர் அதை ஒரு வசதியாகவே பேசினார்கள். முருங்கைக்கீரைப் பொரியலும் சோறும் தட்டில் ஜன்னல் வழியாக வந்தன. சவரம் செய்ய வருகிறவர் வண்டிக்குள் தலையை நீட்டி என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். ஓட்டுப் போடுகிற நாளில் வண்டியைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோனார்கள், அதிகாரி வெளியே வந்து மையை வைத்துவிட்டு, இதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று யோசித்து, இல்லை என்றும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லிப் போனார். எங்கும் போகாமல் இருக்கிற ஆள் என்பதால் பெண்கள் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார்கள், மடியில் சாவிகளோடு நான் உட்கார்ந்திருப்பேன். என் தங்கை இறந்தபோது வண்டியை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள், பாடையை என் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார்கள், நான் கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டேன், பிறகு தூக்கியவர்களுக்குத் தோள் வலிக்கும் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று அரிவாள், மண்வெட்டி, மிளகு உதிர்க்கும் சாக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, வண்டியின் பானெட்டுக்குச் சந்தனம் வைத்து, அதே விரலால் என் நெற்றிக்கும் வைப்பார்கள். முதல் வருஷம் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி நிற்கவில்லை. மாதம் தவறாமல் வினோதினி என் மடியில் தலை வைத்துச் சுண்ணாம்பு நிறத்தில் இறங்கிப் போய், கன்னம் சிவந்து ஏறி வந்தாள். வண்டி நிற்காது என்று தெரிந்ததும் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள், பிரசவ வலி எடுத்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், பரீட்சைக்கு நேரமானவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள். ஏறும்போது எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், வண்டி போகுமா பெரியவரே. போகும் என்று நான் சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் தெளியும். தனபாலிடம் யாரும் கேட்கவில்லை, ஸ்டியரிங் பிடித்திருந்தவன் அவன்தான் என்றாலும்.

வினோதினி பெரியவளானதும் இது அவளுக்குப் பொறுக்கவில்லை. "நான் பஸ்ல போறேன் தாத்தா, நின்னா நிக்கட்டும், நீங்க இறங்குங்க," என்றாள், இதை அவள் ஒரு முறை கோபமாகவும் ஒரு முறை கெஞ்சியும் ஒரு முறை என் காலைப் பிடித்து இழுத்தும் சொன்னாள். பஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவள் உதட்டில் நான் பார்த்திருந்தேன். அவளுக்குத் தம்பி பிறந்து, அவன் எலும்புக்குள்ளிருந்து எடுத்ததை இவளுக்கு வேலூரில் செலுத்தி, இனி ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்ன நாளில் வண்டி ஊருக்குத் திரும்பியதும் நான் பின்கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தேன்.

அப்போது ஊர் முழுக்க வாசலில் நின்றிருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கதவைச் சாத்தவில்லை. மாட்டுக்காரர் செங்கோடனின் மகள் மட்டும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நின்றாள், அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது, அவள் என் காலை மட்டும் பார்த்தாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி, அவளுக்குப் பிறகு ஒரு கிழவர், அவருக்குப் பிறகு ஒரு காய்ச்சல் குழந்தை. என்னை அந்த வண்டிக்குள் பிடித்து வைத்திருந்த கை யாருடையது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எல்லாக் கைகளும் கும்பிட்டபடிதான் இருந்தன. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

பிறகு பாதையை அகலப்படுத்தினார்கள், மலைமேல் ஆஸ்பத்திரி வந்தது, கூப்பிட்டால் வருகிற ஆம்புலன்ஸ் வந்தது, தேவைகள் ஒவ்வொன்றாக வண்டியை விட்டுப் போயின, ஆனாலும் யாருக்கும் நான் இறங்கலாம் என்று தோன்றவில்லை, எனக்கும்கூடச் சொல்ல வாய் வரவில்லை. வினோதினி கல்லூரிக்குப் போனாள். தனபால் சேலத்தில் வீடு பார்த்தான், அங்கே இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடமில்லை, விற்றுவிடலாம் என்றான். ஓடுகிற வண்டியாகவே விற்க வேண்டும், அதனால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று ஜன்னலுக்கு வெளியே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வாங்க வந்தவர் மேலூரின் மிளகு வியாபாரி மாரப்பன். அவர் வீட்டில் நோயாளி யாரும் இல்லை. கல்யாணம் காட்சிக்குப் போய் இறங்கும்போது நாலு பேர் பார்க்கிற மாதிரி, வழியில் நின்று மானம் வாங்காத வண்டி ஒன்று வேண்டும் என்றார். மனைவி, இரண்டு மகன்கள், அவர்கள் மனைவிமார் எல்லோரும் வந்திருந்தார்கள், குமரேசனும் வந்திருந்தார், அவர்களுக்குப் பின்னால் முப்பது வயது இருக்கும் ஒரு பெண் துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். செத்துப்போன என் தம்பி சம்சாரம், பேர் அமராவதி என்று மாரப்பன் அவளைக் காட்டினார்.

"பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கும் ஒரு இடம் ஆச்சு பாருங்க," என்றார், அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையாகவே கருணை இருந்தது.

அமராவதி ஏறி எனக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தாள். அடிவாரத்துக்குப் போய்த் திரும்பி, ஊர்க் கருப்பசாமி கோயிலில் அவள் என் இடத்துக்கு மாற, நான் இறங்குவது என்று பேச்சு. வண்டி கிளம்பியது. பையில் ஒரு சீப்பின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஜன்னல்ல மழை அடிக்குமாங்க பெரியப்பா?" என்று கேட்டாள்.

நான் அதற்கு முன்பு எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், எல்லாம் வண்டியைப் பற்றியவை. மழை அடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. இடது பக்கம் அடிக்கும், கண்ணாடி முழுசாக ஏறாது, ஆடி மாதம் தோள் நனையும் என்று சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டு, தோளுக்கு எதைப் போர்த்துவது என்று நினைக்கிறவள் போலப் பைக்குள் கையை விட்டுத் தடவினாள். மனதால் அவள் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று.

முன்னால் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, இங்கே உட்கார உனக்கு இஷ்டமா என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலைங்களே," என்றாள். பிறகு, "நான் மாட்டேன்னா நீங்க இருக்கோணுமே," என்றாள்.

"ரெண்டு பேரும் இறங்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப வண்டி?"

"நிக்கும்."

வண்டி ஒரு வளைவை முடித்தது, அது பின்கண்ணாடியில் சுருண்டு மறைந்தது. அவள் முன்சீட்டுகளில் இருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், மாரப்பன் மனைவியின் தலையை, மகன்களின் தலைகளை, பூ வைத்த தலைகளை. "எம் மேல கோவப்படுவாங்க," என்றாள், அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போலிருந்தது, சொல்லி முடித்ததும் பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

கீழே போய்த் திரும்பும்வரை காத்திருந்தால் கோயில் வாசலில் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், கும்பிட்ட கைகளும் இருக்கும். ஆனால் மாரப்பன் அவசரக்காரர், பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பச் சொல்லி, பலாமரத்து வளைவில் மேட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். தனபால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தான். மாரப்பனின் மூத்த மகன் பெரிய கல்லொன்றைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். எல்லோரும் இறங்கிப் பின்னால் வந்து புகையைப் பார்க்க நின்றார்கள், வண்டிக்குள் ஸ்டியரிங்கில் தனபாலும், பின்னால் நாங்கள் இருவரும் மட்டும். எஞ்சின் எப்போதும் போல ஒரு தவறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புகையே இல்லைங்க, மூச்சு விடுதான்னு சந்தேகமா இருக்கு என்று மாரப்பன் சந்தோஷப்பட்டார்.

நான் கதவைத் திறந்தேன். அமராவதி முதலில் இறங்கினாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். என் பாதங்கள் குழந்தைப் பாதங்கள் மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன, செருப்பும் இல்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியில் தனபால் என்னைப் பார்த்தான். அப்பா என்று சொல்ல அவன் வாய் திறந்ததை நான் பார்த்தேன், ஆனால் அவன் ஹேண்ட்பிரேக்கை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தான். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன், மற்றதைத் தூக்கினேன், அமராவதி என் கைகளைத் தன் பக்கம் இழுத்தாள், தார் ரோட்டின் சூடு என் உள்ளங்காலில் ஏறியது.

கரண்ட் போனதும் வானொலி நிற்பது போல எஞ்சின் நின்றது. நாலு டயர்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டுச் சப்பையாயின. மண் நிறம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது துருவின் நிறம், அது உதிரத் தொடங்கியது. குமரேசன் பானெட்டைத் தூக்கினார், கீல் அவர் கையோடு வந்தது, உள்ளே எஞ்சின் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, காய்ந்த இலையும் ஒரு பழைய குருவிக்கூடும்தான் இருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, நான் அன்றைக்கே சொன்னேன் என்பது போலத் தலையை அசைத்தார்.

மாரப்பன் முதலில் தனபாலைத் திட்டினார், நிற்கிற வண்டியை நிற்காத வண்டி என்று காட்டினாயே என்றார். பிறகு அமராவதியைப் பார்த்து, ஏறு உள்ளே, நீ ஏறினால் சரியாகிவிடும், ஏறிப் பார் என்றார். அவள் ஏறவில்லை. அவர் மனைவி அவள் கையைப் பிடிக்க வந்தாள், அந்தக் கை என் அக்குளைத் தாங்கிக்கொண்டிருந்தது, பிடிக்க இடம் கிடைக்கவில்லை.

அதற்குள் கீழேயிருந்து ஏறி வந்த பஸ் வளைவில் அடைபட்டு ஹாரன் அடித்தது, அதன் பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொன்று. பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இது யாருடைய வண்டி, எடுங்கள் என்று கத்தினார். தனபால் மாரப்பனைப் பார்த்தான். மாரப்பன் தனபாலைப் பார்த்தார். டிரைவரின் பார்வை, கதவுக்கு மிக அருகில் நின்ற எங்கள் மேல் வந்து நின்றது.

"எங்களுது இல்லீங்கண்ணா," என்றாள் அமராவதி, பிறகு தன் செருப்பைக் கழற்றி என் காலடியில் தள்ளிவிட்டு, கீழ்ப்பக்கமாக என்னை மெல்ல நடத்தினாள்.